லண்டன் 'லயன் கிங்': களரி பார்த்த கண்ணுக்கு

லண்டனில் இருக்கும் பிள்ளைகளிடம் மட்டக்களப்பிலிருந்தோ கல்முனைப் பக்கத்திலிருந்தோ போகிறவர்களை முதல் கிழமையிலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடங்கள் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்: அரண்மனை, கோபுரப் பாலம், ஈலிங் அம்மன் கோயில். அந்த வரிசையில் லைசியம் தியேட்டரில் நடக்கும் 'லயன் கிங்' இசை நாடகத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டால், தயங்காமல் சேர்க்கலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் எந்த இருக்கையில் இருந்து எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போனால் பிள்ளைகளுக்கான கார்ட்டூன் கதையை நிறையக் காசு கொடுத்துப் பார்த்ததாகவே தோன்றும். தெரிந்து போனால், வந்தாறுமூலையிலும் சீலாமுனையிலும் விடிய விடியக் கூத்துப் பார்த்த கண்ணுக்கு இது நெருங்கிய உறவுக்காரக் கலை என்பது முதல் பாட்டிலேயே விளங்கிவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஸ்னியின் கார்ட்டூன் படம் 1994இல் வந்தது, 88 நிமிடம். அதை மேடைக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஜூலி டெய்மோர் என்ற நெறியாளரிடம் கொடுக்கப்பட்டது. 1997 ஜூலையில் மினியாபொலிஸ் நகரில் முதலில் மேடையேற்றி, அதே ஆண்டு நவம்பர் 13இல் நியூயோர்க் பிரோட்வேயில் முறைப்படி தொடங்கினார்கள். 1998இல் சிறந்த இசை நாடகம் உட்பட ஆறு டோனி விருதுகள், அமெரிக்க நாடக உலகின் மிக உயர்ந்த விருது அது. இசை நாடக நெறியாள்கைக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் டெய்மோர்தான். உடையமைப்புக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. லண்டன் லைசியத்தில் 1999 ஒக்டோபர் 19இல் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் எல்லா அரங்குகளும் மூடியபோது நின்றதைத் தவிர, கால் நூற்றாண்டுக்கு மேலாக அதே மேடையில் நடந்துவருகிறது. உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்துவிட்டார்கள்.

டெய்மோர் 1970களில் இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் தங்கிப் பாவைக்கூத்தையும் முகமூடி ஆட்டத்தையும் கிட்ட இருந்து கற்றவர். அது தெரிந்தால் நாடகத்தின் பாதி விளங்கிவிடும். மேடையில் மிருகம் வேண்டுமென்றால் பலரும் செய்வது, ஆளை உரோமத் தோலுக்குள் முழுதாக மூடிவிடுவது. டெய்மோர் அதற்கு நேர்மாறாகச் செய்தார். முகமூடியை முகத்தில் மாட்டாமல் தலைக்கு மேலே வைத்தார். நடிகனின் முகம் கீழே திறந்து கிடக்கிறது, சிங்கத்தின் முகம் நெற்றிக்கு மேலே நிற்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். அவர் இதற்கு வைத்த பெயர் 'இரட்டை நிகழ்வு'. நம் ஊருக்கு இது புதிதல்ல. மட்டக்களப்புக் கூத்தின் ஒரு வகையான வடமோடியில் கிரீடமும் புஜக்கட்டையும், பிரம்பு வளைத்து விரித்த கரப்புடுப்பும் போட்டு ஆடுகிறவர் தருமர் என்பதும் தெரியும், அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர் என்பதும் தெரியும். ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. லைசியத்தில் இருந்து பார்க்கும்போது அந்த உணர்வு அப்படியே திரும்பி வருகிறது.

முகமூடிகளின் பாரத்தைச் சொல்ல வேண்டும். கூத்து உடுப்புப் போட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அரசன் முஃபாசாவின் முகமூடி 11 அவுன்ஸ், ஏறத்தாழ 312 கிராம். தம்பி ஸ்காரின் முகமூடி 9 அவுன்ஸ், 255 கிராம். அரசி சராபியினுடையது 4 அவுன்ஸ், 113 கிராம்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் மரத்தில் செதுக்கிய பாரமான சிற்பம்போல இருக்கும். உண்மையில் சிலிக்கன் றப்பரில் அச்செடுத்து மேலே கார்பன் இழை போட்ட கூடு. டெய்மோரும் மைக்கேல் கறி என்ற பாவைக் கலைஞரும் சேர்ந்து வடிவமைத்தார்கள். முதல் தயாரிப்புக்கான முகமூடிகளும் பாவைகளும் செய்து முடிய 17,000 மணித்தியாலங்கள் போனதாகத் தயாரிப்பாளர்களே கணக்குச் சொல்கிறார்கள்.

முஃபாசாவின் முகமூடி சூரியனைப்போல வட்டம், இரண்டு பக்கமும் ஒத்த அளவு. ஸ்காரின் முகமூடி ஒரு பக்கம் இழுபட்டு, ஒரு புருவம் மேலேறி, எலும்பு தெரிகிற கோணல். கதை தொடங்க முன்னமே யார் எவர் என்று சொல்லிவிடுகிற வேலை இது. கூத்தில் வரவு ஆட்டத்திலேயே பாத்திரத்தின் குணத்தைக் காட்டிவிடுகிற மாதிரி. இந்த இரண்டு முகமூடிகளும் அசையும். நடிகன் நிமிர்ந்து நிற்கும்போது தலைக்கு மேலே இருக்கும். கோபத்தில் முன்னுக்குக் குனிந்தால் கைக்குள் மறைத்துவைத்த விசை உடுப்புக்குள் இருக்கும் சிறு மோட்டாரை இயக்க, முகமூடி நழுவி முகத்துக்கு முன்னே இறங்கும். அப்போது மனிதன் மறைந்து மிருகம் தெரியும். பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நொடியில் பாயத் தயாரான சிங்கம் ஆகிவிடுகிறார். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நிற்கும் முதற் காட்சியிலேயே இது நடக்கிறது. கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

தொடக்கப் பாட்டைப் பற்றித் தனியாக எழுதலாம். றஃபீக்கி என்ற மந்திரக்காரக் குரங்கு மேடைக்கு வந்து ஸூலு மொழியில் குரல் எடுக்கிறது. சிங்கம் வருகிறது என்று தந்தையை விளித்துச் சொல்வதுதான் அந்த முதல் வரியின் பொருள். படத்தில் ஆணாக இருந்த றஃபீக்கியை டெய்மோர் பெண்ணாக்கினார். நம் கட்டியகாரன் செய்கிற அறிவிப்பு வேலையோடு, தெய்வம் ஏறிய பூசாரியின் அதிகாரமும் சேர்ந்த பாத்திரம். குரலுக்கு எதிர்க்குரல் மேடையின் பக்கவாட்டிலிருந்து வருகிறது. பட்டுத் துணிக் கீற்றுகள் கட்டிய சட்டங்கள் நிலத்திலிருந்து மெல்ல மெல்ல எழும்பச் சூரியன் உதிக்கிறது. 14 அடி உயரமான இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் மேடையைக் கடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரே ஆள்: கால் இரண்டிலும் மரக்கால், கை இரண்டிலும் மரக்கால், தலையில் நீண்ட கழுத்து. 6 அடி ஏணியில் ஏறித்தான் அதற்குள் நுழைகிறார்கள். பொய்க்கால் கட்டி ஆடுகிறவரின் சமநிலையை நாலு மடங்காக்கிப் பாருங்கள். அவ்வளவு மெதுவாக நடப்பது அழகுக்காக மட்டுமல்ல, விழாமல் இருக்கவும்தான்.

பிறகு மண்டபத்துக் கதவுகள் திறந்து, பார்வையாளர் நடுவே உள்ள வழியால் மிருகங்கள் வருகின்றன. 13 அடி நீள யானையை நாலு பேர் உள்ளே இருந்து நடத்திக்கொண்டு போகிறார்கள். நீண்ட கம்புகளின் நுனியில் பறவைகள் தலைக்கு மேலே சுழல்கின்றன. ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போகும் சில்லு வைத்த வண்டியில் மான்கள் ஏறி இறங்கித் துள்ளுகின்றன. சில்லு சுழல மான் துள்ளும், அவ்வளவுதான் பொறி. அதை மறைக்க ஒரு துணிகூடப் போடவில்லை. சிறுத்தையைக் கவனியுங்கள்: பாவையின் முன்பாதி ஆடுகிறவரின் முன்னால், பின்கால்கள் ஆடுகிறவரின் சொந்தக் கால்கள், சிறுத்தையின் தலையிலிருந்து ஆடுகிறவரின் தலைக்கு ஒரு கயிறு. அவர் கழுத்தைத் திருப்பினால் சிறுத்தையும் திரும்பிப் பார்க்கிறது. கயிறு எல்லோருக்கும் தெரிகிறது. தெரிந்தும் கண் சிறுத்தையை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி இருந்து பார்த்தவர்களுக்கு, ஆட்டக்காரர் சனத்துக்குள்ளால் நடந்து வருவது சாதாரணம். லண்டன் மாதிரி நகரத்தில் பெட்டி மேடைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. பாட்டு முடியும்போது அரங்கில் பலர் கண்ணைத் துடைப்பதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

இனி மூன்று காட்சிகள். இவற்றுக்காக மட்டுமே போனாலும் தகும்.

ஒன்று, வறட்சி. ஸ்கார் அரசனான பிறகு நீர்நிலை வற்ற வேண்டும். மேடையில் நீல நிறப் பட்டுத்துணி ஒன்று வட்டமாக விரிந்து கிடக்கிறது. நடுவில் ஒரு துளை வழியாகக் கீழே இருந்து அந்தத் துணியை மெதுவாக இழுக்கிறார்கள். குளம் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகிறது. உன்னிச்சைக் குளத்தின் கட்டில் நின்று சித்திரை வெயிலில் தண்ணீர் உள்ளுக்குள் ஒதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு துண்டுத் துணி, ஒரு துளை, ஒரு கை. கோடிக்கணக்கில் செலவழித்த நாடகத்தின் மிகச் சிறந்த காட்சி இவ்வளவு மலிவானது.

இரண்டு, அழுகை. பெண் சிங்கங்கள் முஃபாசாவுக்காக அழும்போது கண்ணிலிருந்து வெள்ளை நாடாவை இழுத்து நீட்டுகிறார்கள். கண்ணீர் நாடாவாகத் தொங்குகிறது. சொன்னால் செயற்கையாகத் தோன்றும், பார்த்தால் தொண்டை அடைக்கும். ஒப்பாரியில் கை அசைவுக்கு ஒரு ஒழுங்கு இருப்பதைப்போல, இங்கே துக்கத்துக்கு ஒரு வடிவம் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று, காட்டெருமைக் கூட்டம் ஓடிவரும் காட்சி. படத்தில் கணினியால் செய்தது. மேடையில் ஆழத்தை அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். மேடையின் பின் கோடியில் பள்ளத்தாக்கு வரைந்த துணிச்சுருள் மேலிருந்து கீழாக ஓடுகிறது, அதில் மிகச் சிறிய எருமைகள். அதற்கு முன்னால் சுழலும் உருளைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக எருமைத் தலைகள். பின் உருளையில் சிறியது, முன் உருளையில் பெரியது. கடைசியாக, பெரிய முகமூடி ஏந்திய ஆட்டக்காரர் முன்னுக்கு உதைத்துக்கொண்டு வருகிறார்கள். தூரத்தில் புள்ளியாக இருந்தது கிட்ட வந்து மிதிக்கப் போவதாகவே கண் நம்பிவிடுகிறது. முரசு ஒலியின் வேகமும் அதே கணக்கில் ஏறுகிறது.

முரசு என்றதும் ஒன்று. தாள வாத்தியக்காரர் இருவர் மேடைக்கு இரண்டு பக்கமும் உள்ள பெட்டிகளில் எல்லோருக்கும் தெரிய இருந்து வாசிக்கிறார்கள். மற்ற இசைக்குழு கீழே பள்ளத்துக்குள். நம் களரியில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நின்று ஆட்டத்தை ஓட்டுவதற்கு இது ஈடாகாது. அண்ணாவியார் ஆட்டக்காரரின் காலைப் பார்த்துத் தாளத்தைக் கூட்டிக் குறைப்பார், இங்கே எல்லாம் முன்னமே அளந்தது. ஆனாலும் வாசிக்கிறவரின் தோள் அசைவதைப் பார்த்துக்கொண்டு கேட்கிற சுகம் வேறு. பாட்டுகளில் எல்ற்றன் ஜோன் இசையும் ரிம் றைஸ் வரிகளும் படத்தில் இருந்து வந்தவை. மேடையை உண்மையில் தாங்கி நிற்பது தென்னாபிரிக்கரான லெபோ எம் கட்டிய கூட்டுக்குரல் பகுதிகள். ஸூலு, கோசா, ஸுவாஹிலி உட்பட ஆறு ஆபிரிக்க மொழிகள் நாடகத்தில் ஒலிக்கின்றன, மொழிபெயர்ப்பு எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. எந்த நாட்டில் மேடையேறினாலும் குழுவில் தென்னாபிரிக்கப் பாடகர்களைச் சேர்ப்பது வழக்கம். அந்தக் குரல்களின் அடர்த்தி அவர்களால்தான் வருகிறது.

குறைகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவை சிறியவை அல்ல. இடைவேளையோடு சேர்த்து ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் ஓடுகிறது. 88 நிமிடப் படத்தை நீட்டியதில் சில இடங்கள் தொய்ந்துவிட்டன. கழுதைப்புலிகள் பாடும் புதிய பாட்டு இரைச்சலாகவே மிஞ்சுகிறது. அதுபோல ஒட்டாமல் இருந்த இன்னொரு பாட்டை 2010இல் அவர்களாகவே எடுத்துவிட்டார்கள். இதையும் எடுத்திருக்கலாம். முஃபாசாவின் மகன் சிம்பா பெரியவனான பிறகு அவன் பாத்திரம் மெலிவு. தகப்பன் சாவுக்குத் தானே காரணம் என்று நம்பி ஓடிப்போனவனின் மனப்போராட்டத்துக்கு ஒரே ஒரு தனிப்பாட்டு, பிறகு மளமளவென்று ஊர் திரும்பிச் சண்டையும் முடிந்துவிடுகிறது. கதையின் எலும்புக்கூடு ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டினுடையது: அரசனான அண்ணனைத் தம்பி கொல்ல, ஆவியாக வரும் தகப்பன் மகனைத் தூண்டுகிறான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதி ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழர் கண்ணால் ஆராய்ந்தவர். அந்த நூலைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி ஏன் அவசரப்படுகிறது என்ற கேள்வி கட்டாயம் எழும். இறுதிச் சண்டை, வடமோடியில் போர்க்காட்சிக்குக் கொடுக்கும் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் சப்பென்று இருக்கிறது.

இரண்டாம் பாதியைக் காப்பாற்றுவது இரண்டு இடங்கள். சிம்பாவின் சிறுவயதுத் தோழியான நாலா, பாழாகிப்போன நாட்டை விட்டுப் புறப்படும்போது பாடும் பாட்டு ஒன்று. படத்தில் நாலாவுக்கு இவ்வளவு இடம் இல்லை. மேடையில் அவள் ஏன் போகிறாள் என்பதற்குக் காரணமும் கொடுத்து, அதற்கேற்ற பாட்டும் கொடுத்திருக்கிறார்கள். மற்றது, தகப்பனின் முகம் இரவு வானத்தில் துண்டு துண்டாக வந்து ஒன்று சேர்ந்து முழு முகமாகும் இடம். அதில் பொறி குறைவு, மனிதக் கை அதிகம்.

படத்தை இப்படி நீட்டியதை எண்ணும்போது பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் செய்த வேலை ஞாபகம் வராமல் போகாது. விடியும்வரை நீளும் கூத்தை ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருக்கி 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இறைச்சியை வைத்துக்கொண்டு கொழுப்பைக் கழித்த வேலை அது. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பில் அதைப் பல தலைமுறை மாணவருக்குப் பழக்கினார். 'லயன் கிங்'கில் நடந்தது எதிர்த்திசை: சிறியதை நீட்டினார்கள். நீட்டிய இடத்தில் ஆட்டமும் பாவையும் நிரம்பியபோது வென்றார்கள், வசனமும் பகிடியும் நிரம்பியபோது தோற்றார்கள்.

இனி இருக்கை. லைசியத்தில் மூன்று தளங்கள்: கீழ்த்தளம், நடு மாடம், மேல் மாடம். கீழ்த்தளத்தில் நடைவழியை ஒட்டிய இருக்கை கிடைத்தால் மிருகங்கள் தோளை உரசிக்கொண்டு போகும். குழந்தைகளுக்கு அதைவிட வேறு இடம் வேண்டாம். ஆனால் கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளுக்கு மேலே மாடம் கூரையாக நீண்டிருக்கிறது. அங்கே இருந்தால் மேடையின் உயரம் வெட்டுப்படும், உயரத்தில் நடப்பது போய்விடும். கீழ்த்தளத்தின் முன் வரிசைகளில் இருந்தால் எருமைக்கூட்டத்தின் அடுக்குகள் ஒன்றை ஒன்று மறைக்கும். நாடகத்தை வடிவமைப்பாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நடு மாடத்தின் முன் வரிசைகளே சிறந்தவை: குளம் வற்றுவது வட்டமாகத் தெரியும், புல்வெளியாக வரும் ஆட்டக்காரர் தலையில் தாங்கிய புல்தட்டுகள் ஒரே வயலாகத் தெரியும். கீழே இருந்தால் தலைகளும் புல்லும்தான். நடைவழியில் என்ன வருகிறது என்பதை மாடத்திலிருந்து எட்டித்தான் பார்க்க வேண்டும், அது ஒரு இழப்பு.

மேல் மாடத்தில் ரிக்கெற் மலிவு. ஆனால் படிகள் அதிகம், செங்குத்து. முழங்கால் வருத்தம் உள்ள அம்மம்மா, அப்பப்பாமாரை அங்கே ஏற்றவேண்டாம். முன்பதிவு செய்யும்போது இருக்கையின் விலைக்குப் பக்கத்தில் பார்வை மறைபடும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விலை நாளுக்கு நாள் மாறும். கிழமை நாளில், பாடசாலை விடுமுறை இல்லாத காலத்தில், இரண்டு மூன்று மாதம் முன்னமே எடுத்தால் நல்ல இருக்கை தாங்கக்கூடிய விலைக்குக் கிடைக்கும். நத்தார் காலத்திலும் ஒக்டோபர், பெப்ரவரி அரைத்தவணை விடுமுறையிலும் எகிறும். தியேட்டரின் சொந்த இணையத்தளத்திலேயே வாங்குங்கள், இடையில் நிற்கிற விற்பனைத் தளங்கள் கட்டணம் ஏற்றும்.

முதியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கொண்டு போகிறவர்களுக்குப் பிற்பகல் காட்சி நல்லது. மாலைக்காட்சி முடிந்து ஹறோவுக்கோ ஈஸ்ற்ஹாமுக்கோ போய்ச் சேரப் பிள்ளைகள் தூங்கிவிடும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள், ஆறு வயதுக்கு மேல் என்பது அவர்கள் சொல்லும் அளவு. அது சரியான அளவுதான்: யானைச் சுடுகாட்டுக் காட்சி இருட்டு, கழுதைப்புலிகள் திடீரென்று வரும். கொவென்ற் காடின் சுரங்க ரயில் நிலையம் கிட்ட, அங்கிருந்து நடக்கலாம். அரை மணித்தியாலம் முன்னமே இருக்கையில் இருங்கள். தொடக்கப் பாட்டு நடைவழியால் நடப்பதால், பிந்தி வருகிறவர்களை உள்ளே விடாமல் நிறுத்தி வைப்பார்கள். அந்தப் பாட்டைத் தவறவிட்டால் நாடகத்தின் மூன்றில் ஒரு பங்கு பெறுமதி போய்விட்டது. படம் பிடிக்கத் தடை. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத பெரியவர்களுக்கு ரயிலில் வரும்போதே கதையைச் சொல்லிவிடுங்கள்: அரசன், பொறாமைத் தம்பி, துரத்தப்பட்ட மகன், திரும்பி வருதல். இவ்வளவு தெரிந்தால் மற்றதைக் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

லண்டன் போக வழியில்லாத, ஆனால் உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' படிக்கிற பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தொடக்கப் பாட்டின் 360 பாகைக் காணொளியைத் தயாரிப்பாளர்களே 2015இல் இணையத்தில் வெளியிட்டார்கள். கைப்பேசியைத் திருப்பத் திருப்ப மேடை, பக்கம், மண்டபம் எல்லாம் தெரியும். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு மிருகத்தை மட்டும் பின்தொடருங்கள்: ஆள் எங்கே நிற்கிறார், பாவையின் எடை எந்த மூட்டில் விழுகிறது, கையில் பிடித்திருக்கும் கம்பு எங்கே முடிகிறது. பரீட்சையில் எழுதுவதற்கும் மேடையில் செய்வதற்கும் அது உதவும்.

செய்வது என்று வந்தால் உரிமை பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலைகளுக்கென்று 60 நிமிடத்திலும் 30 நிமிடத்திலும் இரண்டு சுருக்கப் பிரதிகளை மியூசிக் தியேட்டர் இன்ரநாஷனல் என்ற நிறுவனம் அனுமதிக் கட்டணத்துக்குக் கொடுக்கிறது. கட்டணம் கட்டாமல் பாட்டையும் பிரதியையும் மேடையேற்றக்கூடாது, தமிழாக்கத்துக்கும் தனி அனுமதி வேண்டும். எங்கள் ஆலோசனை: கதையை விடுங்கள், கைவேலையை எடுங்கள். வாலி வதையில் வானரங்கள் இருக்கின்றன, மகாபாரதத்தில் காண்டவ வனம் எரிகிறது. மிருகங்களுக்குப் பஞ்சமில்லை.

தலைக்கு மேல் முகமூடி செய்யும்போது கரப்புக்கு வளைக்கிற அதே பிரம்பு வேலைதான், அளவு மட்டும் சிறிது. பிரம்புச் சட்டத்தின் மேல் கடதாசியும் பசையுமாக ஐந்தாறு படை ஒட்டுவது வழக்கம். அதில் மூன்று பிழை நடக்கும். முதலாவது எடை. ஒவ்வொரு படையும் காய்ந்த பிறகு கடைத்தராசில் வைத்துப் பாருங்கள். 300 கிராமைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், பெயின்ற் இன்னும் 50 கிராம் ஏற்றும். இரண்டாவது ஈரம். வாவிக்கரைக் காற்றிலும் மார்கழி மழையிலும் மாப்பசை காயாது, காய்ந்ததும் திரும்ப இளகிப் பூஞ்சணம் பிடிக்கும். தச்சுவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பாவியுங்கள், படைக்குப் படை ஒரு முழு நாள் காயவிடுங்கள், உள்பக்கமும் பெயின்ற் அடியுங்கள். உள்பக்கத்தை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலானவை வியர்வையில் ஊறி உருக்குலைகின்றன. மூன்றாவது சமநிலை. சிங்கத்தின் மூக்கு முன்னால் நீண்டால் எடை நெற்றிக்கு வெளியே போகும், குனிந்ததும் முகமூடி கண்ணை மூடும். மூக்கைக் கட்டையாக்கி, பிடரிமயிரைப் பின்னால் கூட்டுங்கள். அதுவே எதிர்ப்பாரம். நாடிக்கு ஒரு பட்டி, பிடரிக்கு ஒரு பட்டி, இரண்டும் வேண்டும். கட்டிக்கொண்டு நின்று பார்த்தால் போதாது. கூத்தின் ஆட்ட வகைகளான எட்டுப் போட்டு, வீசாணம் ஆடி, குந்தி எழும்பிப் பாருங்கள். நாலாவது சுற்றில் நழுவினால் பட்டியை அல்ல, மூக்கைத்தான் திருத்த வேண்டும்.

குளம் வற்றுவதற்குப் பாடசாலை மேடையில் துளை போடமுடியாது. அரை அடி உயர மரத்தட்டு ஒன்றை நடுவில் வைத்து, அதில் உள்ளங்கை அகலத்துக்குத் துளை போட்டு, விளிம்பை உளியால் உருட்டி மெழுகு தேய்த்துவிடுங்கள். துணியின் நடுவில் கயிற்றைத் தைத்து, தட்டுக்குக் கீழால் பின்மேடைக்கு இழுங்கள். மருதமுனைக் கைத்தறி சிங்கங்களின் உடுப்புக்கு அருமையான துணி, நிறமும் விழுதலும் அப்படி. ஆனால் இதற்கு வேண்டாம். பருத்தி துளையில் சுருண்டு சிக்கிக்கொள்ளும், பாதிக் குளத்தில் நின்றுவிடும். பழைய நைலெக்ஸ் சேலை இரண்டை நீளவாட்டில் மூட்டி வட்டமாக வெட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம், அந்த மடிப்புத்தான் கடைசியில் துளையை அடைக்கும். இழுக்கிறவர் மத்தளத்தைக் கேட்டுக்கொண்டு இழுக்கட்டும்: முதல் பாதிக்கு ஒரு முழுப் பாட்டு, மீதிக்கு நாலு தாளக்கட்டு, கடைசி ஒரு முழத்துக்கு எந்த ஒலியும் வேண்டாம்.